மொட்டை வேறு, கவாத்து வேறு

அக்டோபர் பிறந்துவிட்டால் நம் தாமான்களில் ஒரு லோரி மெதுவாகச் சுற்றத் தொடங்கும். பின்னால் ஏணி, கயிறு, சங்கிலி ரம்பம். வாசலில் மரம் நிற்கும் வீடாகப் பார்த்து நிறுத்தி, "மரம் வெட்டணுமா?" என்று கேட்பார்கள். விலை பேசி முடிந்தால் ஒரு மணி நேர வேலைதான். காலையில் இலையும் கிளையுமாக நின்ற மாமரம், மதியம் நான்கு கட்டைகளோடு விளக்குக் கம்பம் போல நிற்கும். "இனி எவ்வளவு காற்றடித்தாலும் கவலையில்லை" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு அதே மரம் முன்பைவிட ஆபத்தானதாக மாறியிருக்கும். ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் இந்த வாரம் பார்ப்போம்.

மரத்தைக் கண்டு பயப்படுவதில் தவறில்லை. 2024 மே 7-ஆம் தேதி கோலாலம்பூர், ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். பல வாகனங்கள் நசுங்கின. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, தம் வீட்டு மரத்தை ஒருமுறையாவது அண்ணாந்து பார்க்காதவர்கள் குறைவு. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை நேரத்து இடிமழையும் பலத்த காற்றும் அதிகம். மரத்தைக் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால், எப்படி?

முருங்கை தந்த பழக்கம்

மரத்தை வெட்டுவது என்றால் நமக்கு முதலில் தெரிந்தது முருங்கைதான். இடுப்பளவுக்கு வெட்டிவிட்டாலும் சில வாரங்களில் குபுகுபுவென்று தழைத்துவிடும். ஒடித்த கிளையை மண்ணில் ஊன்றினாலே வேர்பிடிக்கும். அதன் கட்டை மென்மையானது, எளிதில் முறியும். அதனால் முருங்கையை உயரவிடாமல் வெட்டி வைப்பதே நல்லது. கீரையும் கைக்கெட்டும் உயரத்தில் கிடைக்கும்.

சிக்கல் என்னவென்றால், முருங்கைக்குச் செய்வதையே மாமரத்துக்கும் ரம்புத்தானுக்கும் வேப்பமரத்துக்கும் செய்கிறோம். அவை முருங்கை அல்ல.

ஒரு பெரிய கிளையை அதன் நடுவில் வெட்டினால், மிஞ்சிய கட்டையின் முனை காய்ந்து உள்ளே அழுகத் தொடங்கும். இலைகளை ஒரேயடியாக இழந்த மரத்துக்கு உணவு தயாரிக்க வழியில்லை. எனவே சேமித்து வைத்த சத்தையெல்லாம் செலவழித்து அவசர அவசரமாகத் துளிர்விடும். பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துக்கொண்டு, வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். ஓரிரு ஆண்டுகளில் மரம் பழைய உயரத்தை எட்டிவிடும். வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிய கதைதான்.

ஆனால் இந்தப் புதுக் கிளைகள் பழைய கிளைகளைப் போன்றவை அல்ல. இயல்பாக வளர்ந்த கிளை, ஆண்டுக்கு ஆண்டு தண்டோடு சேர்ந்து பருத்து, உள்ளே ஆழமாகப் பின்னிக்கொண்டது. வெட்டிய இடத்தில் முளைத்த கிளையோ வெளி அடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதுவும் அழுகிக்கொண்டிருக்கும் கட்டையின் மேல். அது கை பருமனுக்கு வந்து கனத்த பிறகு ஒரு மாலைக் காற்று போதும், முறிந்து விழ. கீழே நம் கார் நிற்கும், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

ஆக, மொட்டையடிப்பது ஆபத்தைக் குறைப்பதில்லை. கொஞ்ச காலம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

பால்மரம் சீவியவர்களுக்குத் தெரியும்

கவாத்து என்பது வேறு. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த குடும்பங்களுக்கு இந்தச் சொல் பழக்கம். எந்தக் கிளை வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்து, வேண்டாததை மட்டும் சரியான இடத்தில் எடுப்பதுதான் கவாத்து.

அந்தச் "சரியான இடம்" எது? ஒரு கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். வளையல் போட்டது போல ஒரு சிறு புடைப்பு தெரியும். அதுதான் கிளையின் கழுத்து. காயத்தை மூடும் திறன் அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. வெட்டு அந்தக் கழுத்துக்குச் சற்று வெளியே விழ வேண்டும். நீளமாகக் கட்டை விட்டாலும் தவறு, கழுத்தையும் சேர்த்துத் தண்டோடு ஒட்டச் சீவினாலும் தவறு.

இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. அவர் ஏராளமான மரங்களை நெடுக்குவாக்கில் அறுத்து, பழைய காயங்களுக்கு உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தார். மனிதத் தோலைப் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை என்று கண்டார். மரம், காயம்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் தடுக்கிறது. பிறகு புதிய கட்டையைப் போர்த்தி மூடிவிடுகிறது. வெட்டுவாயில் தார், சாயம் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அவருடைய முடிவு. எனவே சுத்தமாக வெட்டிவிட்டு, வெட்டுவாயை அப்படியே காய விடுங்கள்.

இதில் நமக்குப் புதிதாக எதுவும் இல்லை. நம் தாத்தா பாட்டிகளில் பலர் பால்மரம் சீவியவர்கள். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும், கத்தி கட்டையைத் தொட்டுவிடக் கூடாது என்பது அவர்களுடைய முதல் பாடம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வளர்படலத்தில் காயம்பட்டால், புதிதாக வரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. மரத்தைச் சாகடிக்காமல் பல ஆண்டுகள் பால் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு மாமரத்தை மொட்டையடிக்க விடலாமா?

எப்படி வெட்டுவது?

பெருவிரல் பருமன் வரை கவாத்துக் கத்தரிக்கோல் போதும். மணிக்கட்டுப் பருமன் வரை வளைந்த கைரம்பம். பாராங் வேண்டாம். அது கட்டையைப் பிளக்கும், பக்கத்துக் கிளையையும் காயப்படுத்தும். ஏணி போட்டு ஏற வேண்டிய உயரத்தில் இருப்பதையும், மணிக்கட்டைவிடப் பருத்ததையும் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கைரம்பத்தால் அறுக்கும் கிளைக்கு மூன்று வெட்டு தேவை.

முதல் வெட்டு, தண்டிலிருந்து ஏறக்குறைய ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு.

இரண்டாம் வெட்டு, அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து கீழாக முழுவதுமாக. இப்போது கிளையின் பாரம் கீழே விழுந்துவிடும். முதல் வெட்டைப் போடாமல் நேராக மேலிருந்து அறுத்தால், கிளை விழும்போது தண்டின் பட்டையையும் நீளமாக உரித்துக்கொண்டு போகும்.

மூன்றாம் வெட்டு, மிஞ்சிய ஓரடிக் கட்டையை, கழுத்துக்குச் சற்று வெளியே.

எதை எடுப்பது? காய்ந்த கிளை, முறிந்த கிளை, நோய் கண்ட கிளை முதலில். அடுத்து ஒன்றோடொன்று உரசுபவை, உள்நோக்கி வளர்பவை, கூரைக்கு மேல் நீண்டவை. கூரைக்கு மேலுள்ள கிளையின் இலைகள் மழைநீர்த் தாழ்வாரத்தை அடைத்தால், அங்கே தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கியைத் தேடி நாம் பூச்சாடியைக் கவிழ்த்துக்கொண்டிருப்போம், அது தலைக்கு மேலே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஒரு தடவையில் பச்சை இலைப் பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மரம் மிகப் பெரிதாகிவிட்டதென்றால் இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாகக் குறையுங்கள். வெட்டும் முன் பறவைக்கூடு இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். குஞ்சு பறக்கும்வரை அந்தக் கிளை காத்திருக்கலாம்.

எப்போது வெட்டுவது?

மாமரம் பூப்பது முற்றிய கிளைகளின் நுனியில். புதுத்துளிர் முற்றுவதற்குச் சில மாதங்கள் ஆகும். ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் பூக்க வேண்டிய மரத்தை நவம்பர், டிசம்பரில் கழித்துவிட்டால், பூக்கும் நுனிகளையே வெட்டி எறிந்ததாகிவிடும். "வெட்டினதிலிருந்து இந்த மரம் காய்க்கவே இல்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மாமரத்தின் உருவத்தைத் திருத்தும் வேலையை அறுவடை முடிந்த கையோடு செய்யுங்கள். இப்போது, மழைக்கு முன், காய்ந்ததையும் முறிந்ததையும் எடுத்தால் போதும். மாம்பால் தோலில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும். நீளக்கைச் சட்டை, கையுறை அவசியம்.

ரம்புத்தானுக்கும் அறுவடைதான் காலம். பழக்கொத்தைச் சிறு கிளை நுனியோடு வெட்டி எடுத்தாலே பாதிக் கவாத்து முடிந்தது. கறிவேப்பிலையில் இலையிலையாக உருவாமல் நுனியோடு கிள்ளுங்கள், பக்கக் கிளைகள் பெருகும்.

புதிதாக மாங்கன்று வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்று ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி, சுற்றிலும் பரவும் மூன்று நான்கு கிளைகளை மட்டும் வளரவிடுங்கள். கத்தரிக்கோலால் ஒரு நிமிடத்தில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல் விடுவதால்தான் பத்து ஆண்டு கழித்து லோரியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

சட்டமும் பக்கத்து வீடும்

மின்கம்பியைத் தொடும், அல்லது அதன் அருகே போகும் கிளையில் நீங்கள் கைவைக்கவே கூடாது. தெனாகா நேஷனலுக்குத் தெரிவியுங்கள். வேலிக்கு வெளியே சாலையோரம் நிற்கும் மரம் உங்கள் வாசலில் இருந்தாலும் உங்களுடையது அல்ல. ஊராட்சி மன்றத்தில் புகார் கொடுங்கள்.

மரத்தை அடியோடு சாய்க்க நினைத்தால் கவனம் தேவை. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெட்டிச் சாய்க்கக் கூடாது. குறுக்களவில் இது சுமார் 25 சென்டிமீட்டர்தான், நம் வீட்டு மாமரம் எளிதில் தாண்டிவிடும் அளவு. பட்டுப்போன மரத்துக்கும் உடனடி ஆபத்து உள்ள மரத்துக்கும் விலக்கு உண்டு. கோலாலம்பூருக்குத் தனித் திட்டமிடல் சட்டம் இருப்பதால், அங்கே குடியிருப்பவர்கள் மாநகர் மன்றத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பக்கத்து வீட்டு மரத்தின் கிளை உங்கள் பக்கம் நீண்டிருந்தால்? நாம் பின்பற்றும் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில், எல்லைக்கோடு வரை அதை வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வெட்டிய கிளையும் அதிலுள்ள பழமும் மரத்துக்காரருக்கே சொந்தம் என்பது அந்த மரபில் பலருக்கும் தெரியாத பாதி. உரிமை இருந்தாலும், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுங்கள். கத்தியை எடுத்த பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். மரம் உங்களுடையது என்றால், அந்தப் பக்கம் காய்த்த பழத்தில் ஒரு பை அவர்களுக்குக் கொடுங்கள்.

ஆள் கூப்பிடும்போது

எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எப்படி வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். "எல்லாத்தையும் பாதியில வெட்டிடலாம்" என்பது பதிலானால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். எந்தக் கிளைகள், எந்த இடத்தில் என்பதை நீங்களே சுட்டிக்காட்டுங்கள். தலைக்கவசம், கயிறு இருக்கிறதா, குப்பையை யார் எடுத்துப்போவது என்பதையும் பேசிவிடுங்கள்.

அடிமரத்தில் காளான் முளைத்திருந்தாலோ, மரம் புதிதாகச் சாய்ந்திருந்தாலோ, வேர்ப்பக்கம் மண் வெடித்திருந்தாலோ, லோரிக்காரர் போதாது. 'அர்போரிஸ்ட்' எனப்படும் பயிற்சி பெற்ற மர வல்லுநரை அழையுங்கள். செலவு கூடத்தான் செய்யும். கூரையைப் பழுதுபார்க்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெட்டிய கிளைகளைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது. வாரம் 2+1 முறையில் குப்பை எடுக்கும் மாநிலங்களில், அந்த ஒரு நாள் தோட்டக் கழிவுக்கும் சேர்த்துத்தான். கிளைகளைச் சிறிதாக வெட்டிக் கட்டி, அன்று வெளியே வையுங்கள். இலைகளை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை உரமாக்குவது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.