கூடம் கோணல்தான்

"கேமராவில ஒரு கோளாறும் இல்ல சார். நீங்கதான் தெரியாம எதையோ அமுக்கியிருக்கீங்க."

டிஜிட்டல் கேமரா வைத்திருக்கும் என் வயதுக்காரர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் யாராவது இருந்தால் கை தூக்கலாம். சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். கடையில் சொல்வார்கள். லீவுக்கு வரும் பேரன், கேமராவைக் கையில் வாங்கிப் பார்க்காமலேயே சொல்வான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, முகத்தில் எழுதியிருக்கும். பழமொழி சரிதான். ஆனால் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் ஆடுகிறவள் என்ன செய்வாள் என்று அதில் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் கூடம் கோணல்தான் என்பது என் கட்சி.

விஷயம் இதுதான். நேற்று ஒழுங்காக எடுத்த கேமரா இன்றைக்குப் படத்தை வெளிற அடிக்கிறது, அல்லது இருட்டடிக்கிறது. அபெர்ச்சர் ஒன்று வைத்தால் வேறொன்றாக இருக்கிறது. ஷட்டர் வேகம் தானாக இறங்குகிறது. நாம் எதையும் தொடவில்லை என்கிறோம், தொட்டீர்கள் என்கிறார்கள்.

பழைய கேமராக்களில் இந்தத் தகராறே கிடையாது. பென்டாக்ஸ் கே1000 என்று ஒன்று, 1976 முதல் 1997 வரை தயாரிப்பில் இருந்தது. ஷட்டர் வேகம் தலையில் ஒரு திருகு, அபெர்ச்சர் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம். எண் அந்தத் திருகின் மேலேயே பொறித்திருக்கும். தெரியாமல் திரும்பிவிட்டால்கூட குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். எண் பொய் சொல்லாது. (பழையது எல்லாமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. அந்தக் கேமராவில் மீட்டரை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட மறந்தால் பேட்டரி காலி.) 1985-ல் வந்த மினோல்டா 7000 இந்தத் திருகை எடுத்துவிட்டுப் பொத்தான்களை வைத்தது. அடுத்த வருஷம் வந்த கேனான் டி90-ல் ஒரே ஒரு சக்கரம். எந்தப் பொத்தானோடு சேர்த்துத் திருப்புகிறோமோ அதற்கேற்ப அது வேறு வேறு வேலை செய்யும். இன்று நம் கையிலிருக்கும் கேமராக்களில் பெரும்பாலானவை அந்தச் சக்கரத்தின் வாரிசுகள். விரல் ஓரிடத்தில், எண் வேறிடத்தில். அந்த எண்ணும் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவுக்குச் சின்னது.

இனி, "தானாக" என்ற வார்த்தைக்கு வருகிறேன். அதைச் சொன்னால்தானே சிரிக்கிறார்கள்?

எம் மோட் என்றால் எல்லாம் நம் கையில் என்று அர்த்தம். ஆனால் மெனுவில் எங்கோ ஆட்டோ ஐஎஸ்ஓ இயக்கத்தில் இருந்தால், நாம் ஷட்டரும் அபெர்ச்சரும் வைக்க வைக்க, கேமரா பின்னாலிருந்து ஐஎஸ்ஓவை மாற்றிக்கொண்டே இருக்கும். நாம் வேண்டுமென்றே இருட்டாக எடுக்கப் பார்ப்போம், அது வெளிச்சமாக்கும். கேமராவோடு தரும் 18-55 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 18-ல் எஃப் 3.5 வைத்துவிட்டு 55-க்கு இழுத்தால் அது 5.6 ஆகிவிடும். உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். நாம் செய்தது தூரத்திலிருப்பதைக் கிட்டே கொண்டுவந்தது மட்டும். மேலே உள்ள ஃபிளாஷ் எழும்பினால், பல கேமராக்களில் ஷட்டர் வேகம் 200-ல் ஒரு பங்கு வினாடியோடு நின்றுவிடும். மொட்டை வெயிலில் அபெர்ச்சரை அகலத் திறந்து வைத்திருப்பவருக்குப் படம் வெளுத்துப்போகும். கேனான் கேமராக்களில் சேஃப்டி ஷிஃப்ட் என்று ஒரு வசதி. அதை இயக்கிவிட்டால், வெளிச்சம் எல்லை மீறும்போது நாம் வைத்த எண்ணைக் கேமராவே மாற்றும். நாம் இயக்கினால்தான் மாற்றும், உண்மை. ஆனால் செகண்ட்ஹேண்டில் வாங்கியவருக்குப் பழைய சொந்தக்காரர் எதையெதை இயக்கிவிட்டுப் போனார் என்று யார் சொல்வது? பிராக்கெட்டிங் இன்னும் வேடிக்கை. ஒரு படம் சரியாக, ஒன்று இருட்டாக, ஒன்று வெளிச்சமாக என்று சுற்றிச் சுற்றி வரும். சில கேமராக்களில் அணைத்து மறுபடி போட்டாலும் போகாது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனும் அப்படியே. அணைத்தால் போய்விடாது என்று நிக்கான் கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. போன மாசம் கோயில் மண்டபத்து இருட்டில் வைத்தது இந்த மாசம் கடற்கரையில் வந்து நிற்கும்.

இவை எதுவுமே பழுது இல்லை. கேமரா வடிவமைத்தபடிதான் வேலை செய்கிறது. அதனால்தான் சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்த்தாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. "கோளாறு இல்லை" என்பதிலிருந்து "அப்படியென்றால் தப்பு உங்களுடையது" என்பதற்கு ஒரே தாவாகத் தாவுகிறார்களே, சண்டை அந்தத் தாவலோடுதான். நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். வடிவமைத்தவர். அவரை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை.

இதனால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என் நண்பர் ஒருவர், கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், 71 வயது. அவர் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம். விடியற்காலையில் யாகசாலையில் எடுத்த படங்கள் அருமையாக வந்திருந்தன. பிறகு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூட்டத்தில் இடிபட்டு, கோபுரத்துக்கு எதிர்மாடியில் ஏறி நின்றார். கலசத்தில் குடத்தைச் சாய்த்த அந்தச் சில நிமிஷங்களில் 43 படங்கள். அத்தனையும் வெள்ளை. வானம் வெள்ளை, கலசம் வெள்ளை, தீர்த்தம் எது ஆகாயம் எது என்று தெரியவில்லை. இருட்டாக விழுந்த படத்தையாவது கம்ப்யூட்டரில் கொஞ்சம் தேற்றலாம். அடியோடு வெளுத்ததில் தேற்ற ஒன்றுமே இருக்காது. அடுத்த கும்பாபிஷேகம் 12 வருஷம் கழித்து. அவருக்கு அப்போது 83.

நகரத்து சர்வீஸ் சென்டர் ஒன்றில் கேமராவைக் கொடுத்தார். நான்கு நாள் கழித்து "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" என்று ஒரு காகிதம், 590 ரூபாய் பில், கூடவே ஓர் இலவச ஆலோசனை: "இனிமே ஆட்டோவிலயே போட்டு எடுங்க சார்." மனிதர் வந்து கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "விரல் சொன்னபடி கேக்கல போலிருக்குய்யா, வயசாயிடுச்சு" என்றார். காம்பஸ் இல்லாமல் கரும்பலகையில் முப்பது வருஷம் வட்டம் போட்ட விரல் அது.

மெமரி கார்டை வாங்கி என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்று ஒரு ஜாதகம் இருக்கிறது. யாகசாலைப் படங்களில் காம்பன்சேஷன் பூஜ்யம். மாடிப் படங்களில் கூட்டல் 2.3. அவர் கேமராவில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சக்கரத்தை வெறுமனே திருப்பினாலே காம்பன்சேஷன் மாறும். பூட்டும் கிடையாது. மாடிப்படியில் இடிபட்டு ஏறும்போது அந்தச் சக்கரம் நெஞ்சில் உரசித் திரும்பியிருக்கிறது. வேறு வழியில் அது மாறியிருக்க முடியாது. விரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கேமரா சொல்லாமலும் இல்லை. வ்யூஃபைண்டரின் அடியில் கடுகளவு கோடு ஒன்று வலப்பக்கம் நகர்ந்திருக்கும். பத்து மணி வெயிலில், அர்ச்சகர் குடத்தைத் தூக்கும் நேரத்தில், அந்தக் கடுகைப் பார்க்காதது அவர் குற்றமாம்.

நான் அனல் மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் 31 வருஷம் ஷிஃப்ட் பார்த்தவன். அங்கேயும் யந்திரம் தானாக எத்தனையோ செய்யும்; செய்யத்தான் வேண்டும். ஆனால் சத்தமில்லாமல் செய்யக் கூடாது. கொதிகலனுக்குத் தண்ணீர் விடும் கண்ட்ரோல் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு விழுந்தால், எதிர்ச்சுவரில் அதற்கென்று உள்ள கண்ணாடிக் கட்டம் மின்னும், ஹூட்டர் அலறும். ஆபரேட்டர் எழுந்து போய், பார்த்தேன் என்று பொத்தானை அழுத்தும்வரை மின்னல் நிற்காது. யார் மாற்றியது, கையா யந்திரமா என்பதெல்லாம் அப்புறம். மாறியிருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். 1992 ஜனவரி 20 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் அருகே ஒரு ஏ320 விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். ஒரே திருகு, இரண்டு மோட்: ஒன்றில் இறங்கும் கோணம், இன்னொன்றில் இறங்கும் வேகம். 3.3 டிகிரி என்று நினைத்து நிமிஷத்துக்கு 3,300 அடி என்று வைத்திருக்கக்கூடும் என்று விசாரணையில் கருதினார்கள். அதற்குப் பிறகு செய்த திருத்தங்களில் ஒன்று, இறங்கும் வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி அந்தத் திரையை மாற்றியது. படம் வெளுத்ததற்கும் உயிர் போனதற்கும் முடிச்சுப் போடவில்லை. அவ்வளவு பெரிய விஷயத்திலேயே "விமானி தப்பு" என்று கோப்பை மூடாமல் திரையைத் திருத்தினார்களே என்றுதான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் தம்பிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "நாங்க பழகிட்டோம் சார்." பழகினார்கள், வாஸ்தவம். இரண்டு கேமரா மாட்டிக்கொண்டு, நாலு படத்துக்கு ஒருதரம் பின்திரையைப் பார்த்துக்கொண்டே எடுக்கிறார்கள். ஆட்டோவில் போடுங்கள் என்பது அதைவிட மோசம். மீட்டருக்குக் கோபுரமும் தெரியாது, கறுப்புக் கல் விக்கிரகமும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதைத் திருத்தத்தானே நமக்கு இந்த காம்பன்சேஷன் எல்லாம்? இந்தக் காலத்து மிரர்லெஸ் கேமராக்களில் படம் எப்படி விழும் என்று வ்யூஃபைண்டரிலேயே தெரிகிறது என்பார்கள். நல்ல முன்னேற்றம், ஒப்புக்கொள்கிறேன். உச்சி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கும்போது மட்டும் அதை நம்ப முடிவதில்லை.

நான் கேட்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. காம்பன்சேஷன் சக்கரத்துக்கு ஒரு பூட்டு. 2013-ல் வந்த நிக்கான் டிஎஃப்பில் இருந்தது. முடியாத காரியம் இல்லை. கேமராவை இயக்கும்போது, போனதடவை விட்ட இடத்திலிருந்து எதெது பூஜ்யத்தில் இல்லை என்று பெரிய எழுத்தில் மூன்று வினாடி காட்டட்டும். சிரிக்கிற முகத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த யந்திரத்துக்கு இதுவா தெரியாது?

அதுவரைக்கும் என் வயதுக்காரர்கள் செய்ய வேண்டியது: சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள். கெட்ட படம் ஒன்றையும், அதே இடத்தில் எடுத்த நல்ல படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜாதகம் பாருங்கள். ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, காம்பன்சேஷன், மீட்டரிங், ஃபிளாஷ். ஏதாவது ஒன்று மாறியிருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். எல்லாம் ஒன்றாக இருந்தும் படம் வேறாக இருந்தால் மேலே இருப்பது டியூப்லைட்டா என்று பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த குழல்விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. ஷட்டரை 500-ல் வைத்தால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி விழும். 100-க்கோ 50-க்கோ இறக்கினால் சரியாகும். வெயிலிலும் அப்படித்தான், அதுவும் எஃப் 11, 16 என்று குறுக்கும்போது மட்டும் வெளுக்கிறது, முழுக்கத் திறந்தால் சரியாக வருகிறது என்றால் லென்ஸுக்குள் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது நிஜப் பழுது. அப்போது மட்டும் போங்கள்.

போகும்போது இரண்டு படங்களையும் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். "நீங்கதான் எதையோ அமுக்கியிருக்கீங்க" என்று அங்கே யாராவது ஆரம்பித்தால், எதை, எந்தப் படத்துக்கும் எந்தப் படத்துக்கும் நடுவில் என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத முடியாது என்றால் 590 ரூபாய் எதற்கு என்று கேளுங்கள்.