வீணாகும் வெயிலும் உறையும் தண்ணீரும்

தை மாதத்து அதிகாலையில் நோர்வூட் நகரில் நின்று பார்த்தவர்களுக்கு மலையகத்தின் குளிர் எத்தகையது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கும் மேலே அமைந்துள்ள இப்பிரதேசத்தில், சுபஹுத் தொழுகைக்காக வுழூச் செய்யும் முதியவரும், பெரட்டுக்குப் புறப்படுமுன் பிள்ளைகளின் முகம் கழுவிவிடும் தாயும் ஒரே குளிர்ந்த நீரில்தான் கை வைக்கின்றனர். பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் ஜனாஸாவைக் குளிப்பாட்டுவதற்கும் சுடுநீர் தேவை. இங்கே சுடுநீர் ஆடம்பரப் பொருள் அன்று. ஆயினும் அது இன்றும் பெரும்பாலும் விறகடுப்பிலேயே காய்ச்சப்படுகின்றது. அதே நேரத்தில், நண்பகல் வெயிலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ள இடமின்றி நாடு தவித்த நாட்களையும் நாம் கண்டோம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கொன்று மோதியதாகக் கூறப்பட்டதை வைத்து நகைத்தவர்கள் பலர். ஆனால், வெயில் மிகுந்து மின் தேவை குறைந்திருந்த அந்த வேளையில் சூரிய மின்சக்தியின் பங்கு பெரிதும் உயர்ந்திருந்தமையும், அதிர்ச்சியைத் தாங்கக்கூடிய பாரிய சுழல் இயந்திரங்கள் குறைவாக இயங்கியமையும் நிலைமையை மோசமாக்கின என இலங்கை மின்சார சபை பின்னர் விளக்கியது. இரண்டு மாதங்களின் பின்னர், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைச் சூரிய மின் தொகுதிகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் கிடந்த நாடு, மூன்றே ஆண்டுகளில் வெயிலைத் திருப்பி அனுப்ப நேர்ந்தமை விசித்திரமானதே.

மின்சாரம் சம்பந்தப்பட்ட விசித்திரங்கள் நோர்வூட்டுக்குப் புதியவை அல்ல. அருகிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரே விமலசுரேந்திர மின் நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றி, அதன் பின் லக்சபான நோக்கி இறங்குகின்றது. நாட்டின் மின்குமிழ்களை எரியவைத்த நீர் தோட்டங்களைத் தாண்டிச் சென்றுகொண்டிருந்தபோது, அத்தோட்டங்களின் லயன் அறைகளில் நீண்ட காலம் குப்பி விளக்கே எரிந்தது. நீரில் நடந்தது வெயிலிலும் நடந்துவிடக் கூடாது என்பதே எமது கவலை.

2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் திரண்டிருந்த மக்கள் முன்னிலையில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். 2025 ஏப்ரலில் அவர் மீண்டும் வந்தபோது, இருபத்தைந்து மாவட்டங்களிலுமுள்ள ஐயாயிரம் வணக்கத்தலங்களுக்கான கூரைச் சூரிய மின் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. மொத்தம் 25 மெகாவாற்று. அதாவது ஒரு தலத்துக்குச் சராசரியாக 5 கிலோவாற்று. விகாரை, கோவில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றில் நண்பகல் மின்சாரத்தைப் பயன்படுத்தப் போவது யார்? மின்விசிறி தேவைப்படாத மலையகப் பள்ளிவாசலில் ளுஹர் வேளையில் சில மின்குமிழ்களும் ஓர் ஒலிபெருக்கியுமே இயங்கும். மின்சாரம் வெளியே செல்லும், அல்லது நிறுத்தப்படும்.

இந்த இடத்திலேயே சுடுநீர்த் தாங்கி குறித்துச் சிந்திக்க வேண்டியுள்ளது. கணக்கு எளிதானது. 100 லீற்றர் நீரை 20 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்க ஏறக்குறைய 4.7 அலகு மின்சாரம் தேவை. 3 கிலோவாற்று ஹீட்டர் ஒன்று இதனை ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலான வேளையில் முடித்துவிடும். நன்கு வெப்பக்காப்பிடப்பட்ட தாங்கியில் இச்சூடு மறுநாள் அதிகாலை வரை பெருமளவு நிலைத்திருக்கும். அதே அளவு குளிர்நீரைக் கலந்தால் ஏறக்குறைய 200 லீற்றர் இளஞ்சூட்டு நீர் கிடைக்கும். ஒரு ‘முத்து’ அளவு நீரால் நபிகளார் வுழூச் செய்தார்கள் என்பதை அறிந்த சமூகம் சிக்கனமாகப் பயன்படுத்துமாயின், ஒரு சிறிய மஹல்லாவின் சுபஹுக்கு இது தாராளமாகப் போதும். விலையுயர்ந்த மின்கலத்துக்குப் பதிலாக நீரே இங்கு மின்கலமாகின்றது.

ஆயினும், ஹீட்டரைச் சூரியத் தகட்டுடன் எப்படியாவது கம்பியிட்டு இணைத்துவிட்டால் போதும் என எண்ணுவது ஆபத்தானது. முதலாவதாக, வலையமைப்புடன் இணைந்த சாதாரண இன்வேட்டரை நிறுத்தினால் தகடுகளும் பயனற்றுப்போகும். நாட்டில் மின்சாரம் தடைப்படும்போதும் அது தானாகவே நின்றுவிடும். எனவே, வெளியே மின்சாரம் அனுப்பாமல் உள்ளே பயன்படுத்துவதற்கு அனுமதிக்கும் இன்வேட்டரும், மிகுதி மின்சாரத்தை அளந்து ஹீட்டருக்குத் திருப்பும் கட்டுப்படுத்தியும் வேண்டும். இரண்டாவது வழி, சில தகடுகளை வலையமைப்பிலிருந்து முற்றாகப் பிரித்து ஹீட்டருக்கு நேரடியாக வழங்குவது.

அந்த இரண்டாவது வழியில்தான் பலர் அறியாத பொறி உள்ளது. தகட்டிலிருந்து வருவது நேரோட்டம். கடைகளில் கிடைக்கும் ஹீட்டர்களின் தேர்மோஸ்டாட்டோ ஆடலோட்டத்துக்கென அமைக்கப்பட்டது. ஆடலோட்டம் விநாடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுவதால், ஆளி திறக்கும்போது எழும் தீப்பொறி உடனே அணைந்துவிடும். நேரோட்டத்தில் அப்படியன்று, பொறி தொடர்ந்து எரிந்து தொடுமுனைகளை உருக்கி ஒட்டவைத்துவிடலாம். அதன் பின் தேர்மோஸ்டாட் தன் பணியைச் செய்யாது. நீர் கொதித்துத் தாங்கி வெடிக்கும் அபாயமும் உண்டு. ஆகவே தேர்மோஸ்டாட் வலுமின்னோட்டத்தைத் தானே துண்டிக்காமல், நேரோட்டத்துக்கென உரிய அளவில் தயாரிக்கப்பட்ட தொடர்பியை இயக்குவதாக மட்டுமே இருத்தல் வேண்டும். அதற்கும் மேலாக, வெப்பம் எல்லை மீறினால் துண்டித்து, கையால் மீளமைக்கும் வரை இயங்காத இரண்டாவது காப்பும், அமுக்கம் தணிக்கும் வால்வும், புவித்தொடுப்பும், ஆடலோட்டப் பக்கத்தில் ட்ரிப் சுவிட்சும் தவிர்க்க முடியாதவை. தாங்கியில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருகாதிருக்க 60 பாகை அவசியம்; அதே 60 பாகை குழந்தையின் தோலைச் சில விநாடிகளில் வெந்துவிடச் செய்யும். எனவே குழாய்க்கு வருமுன் குளிர்நீரைக் கலக்கும் வால்வும் வேண்டும். மழை நாட்களில் வலையமைப்பு மின்சாரத்தால் சூடாக்க நேர்ந்தால், தேவை உச்சத்திலிருக்கும் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான வேளையை நேரக் கட்டுப்படுத்தி தவிர்த்துவிட வேண்டும்.

இத்திட்டத்துக்கு ஆட்சேபங்களும் உண்டு. சுடுநீர் மட்டுமே நோக்கமெனில், வெயிலால் நேரடியாக நீரைச் சூடாக்கும் கூரைத் தொகுதி குறைந்த இடத்தில் கூடிய பயன் தரும். புதிதாகத் தொடங்குவோர் அதனையே முதலில் பரிசீலிக்கலாம். வெளியே அனுப்பும் அலகுக்குப் பணம் பெறுவோருக்கு, அதனை நீரில் இடுவது வருமான இழப்பு என்பதும் உண்மை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நோர்வூட் வானம் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும் என்பதும் உண்மை. ஆனால் தகடு ஏற்கெனவே கூரையில் உள்ளபோது, நிறுத்தச் சொல்லப்படும் நேரத்தில் அம்மின்சாரத்தின் விலை பூச்சியம். பூச்சியத்துக்குச் சுடுநீர் கிடைக்குமாயின் அதனை வேண்டாமென்பது அறிவுடைமையாகாது.

பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் கூரை உண்டு. அக்கூரை அவற்றுக்கே சொந்தம். லயன் அறையில் வாழ்பவருக்கோ அது இல்லை. கூரை தோட்ட நிருவாகத்துடையது. காணி உறுதி கையில் இல்லை. நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்வதற்கே 2024 வரை போராட வேண்டியிருந்த குடும்பம் சூரியத் தகட்டைப் பற்றிக் கனவு காணவும் இயலாது. அக்குடும்பத்தின் பெண்தான் கொழுந்து பறித்துக் களைத்த பின்னரும் குளவிக்கும் சிறுத்தைக்கும் அஞ்சியபடி விறகும் கவ்வாத்து மிலாறும் சுமந்து வருகிறாள். புகை நிறைந்த அறையில் அவளும் பிள்ளைகளும் சுவாசிக்கின்றனர். சற்று வசதியுள்ளோர் வாளிக்குள் ஹீட்டர் கோலைத் தொங்கவிடுகின்றனர். பழைய கம்பி, நீட்டிக் கட்டிய வயர், இல்லாத புவித்தொடுப்பு ஆகியவற்றின் மேல் 1,500 வாற்றுச் சுமை ஏறுகின்றது. மின்னொழுக்கால் லயன் தொகுதிகள் எரிந்தன என்ற செய்தியை நாம் எத்தனை முறை பிரசுரித்திருக்கிறோம்! ஓர் அறையில் பிடிக்கும் தீ ஒரே கூரையின் கீழுள்ள வரிசை முழுவதையும் அழித்துவிடுகின்றது.

எனவே, வணக்கத்தலங்களுடன் இத்திட்டம் நின்றுவிடலாகாது. தோட்ட வைத்தியசாலைகள், பிள்ளை மடுவங்கள், பாடசாலைகள் ஆகியவற்றின் கூரைகளிலும் தகுதிபெற்ற மின்னியலாளர் பொருத்திப் பரிசோதித்த பொதுச் சுடுநீர்த் தாங்கிகள் அமைக்கப்பட வேண்டும். மிகுதி மின்சாரத்தை உள்ளே பயன்படுத்துவோருக்கான தெளிவான விதிகளைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வகுக்க வேண்டும். நேரோட்டத்துக்கு ஒவ்வாத தேர்மோஸ்டாட்டுகள் சூரிய மின் பாவனைக்கென விற்கப்படுவதைத் தடுக்க வேண்டும். தோட்டக் கம்பனிகள் லயன்களின் மின்கம்பி அமைப்பைப் பரிசோதித்துச் சீர்செய்ய வேண்டும். பள்ளிவாசல் பரிபாலன சபைகள் தமக்குக் கிடைக்கும் சுடுநீரில் ஒரு குழாயை அயலில் வாழும் சகோதரத் தமிழ்க் குடும்பங்களுக்கும் திறந்துவிடுமாயின், கோவில்கள் அதனையே செய்யுமாயின், அது எந்த நல்லிணக்கக் கூட்டத்தை விடவும் பெரிய பணியாக அமையும்.

காசல்ரீயின் நீர் மலையகத் தொழிலாளியைக் கடந்து சென்றபோது அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவனது தலைக்கு மேல் விழும் வெயிலைப் பற்றியாவது அவனிடம் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.