பகுதி சபையில் பேச்சு நடக்கட்டும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

வார்டு குழுக்கள் வேண்டும் என்று 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொன்னது 1992-ல். தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் வந்தது 2022-ல். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று சபைகள் கூடின. தாமதமானாலும் வரவேற்கிறோம். கூட்டம் நடக்கும் விதத்தில்தான் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

அதிகாரிகள் மேஜை போட்டு உட்கார, நாங்கள் வரிசையில் நின்று மனு கொடுக்கிறோம். சாக்கடை அடைப்பு, எரியாத தெருவிளக்கு, நாய்த் தொல்லை. தேவையான புகார்கள்தான், ஆனால் அதற்கு ஒரு போன் போதும். ஒருவருக்கு வசதியாக இருப்பது இன்னொருவருக்கு இடைஞ்சலாகும் விஷயங்களுக்குத்தான் சபை வேண்டும்.

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் வண்டி நிறுத்துவதையே எடுத்துக்கொள்வோம். வெளியூர் வேன் பக்கத்தில் வந்து நின்றால் கடைக்காரருக்கு வியாபாரம். அதே வேன் வாசலை மறித்தால் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாது. வேனைத் தள்ளி நிறுத்தச் சொன்னால் ஆட்டோக்காரருக்குச் சவாரி கிடைக்கும். முழங்கால் வலியோடு சேவிக்க வந்த பாட்டிக்குத் திண்டாட்டம். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் கேட்கவே வேண்டாம். இவர்கள் எல்லோரும் ஒரே கூட்டத்துக்கு வந்தும், ஒருவர் கஷ்டத்தை மற்றவர் கேட்காமலே கலைந்து போகிறார்கள்.

திருச்சி மாநகராட்சியின் 65 வார்டுகளிலும், பேசப்போகும் விஷயம் என்ன, கையில் பணம் எவ்வளவு, என்னென்ன வழிகள் உண்டு என்பதை ஒரு வாரம் முன்பே தெருவில் ஒட்ட வேண்டும். மனுக்களை வாசலில் தனி மேஜையில் வாங்கிக்கொள்ளலாம். தலைமை யாரிடம் இருந்தாலும், பேச்சை முறைப்படுத்துவது கட்சிச் சார்பில்லாத உள்ளூர்க்காரராக இருக்கட்டும். முதல் அரை மணி நேரம் பத்துப் பத்துப் பேராக உட்கார்ந்து பேசினால், மைக் முன்னால் வரத் தயங்கும் பெண்களும் வாய் திறப்பார்கள்.

பேசும் முறையை மாற்றினால் பலனும் மாறும். தைவானில் 2015-ல் ஊபர் டாக்சித் தகராறில் மக்கள் கருத்தைத் திரட்டப் பயன்படுத்திய ‘போலிஸ்’ என்ற இணையக் கருவியில், பிறர் கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம். பதில் மட்டும் எழுத முடியாது. வாய்ச்சண்டைக்கு இடமில்லாததால், இரு தரப்பும் ஒத்துப்போகும் இடங்கள் வெளியே தெரிந்தன. எந்தத் தெருவின் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு வாரம் இருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாத உள்ளாட்சி மேடை இல்லை. குடவோலையோடு நிறுத்திவிடுகிறார்கள். கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்ற விதியும் அங்கேதான் வெட்டப்பட்டிருக்கிறது. போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆயிற்று, முடியவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்ற எழுத்துப்பூர்வமான பதிலோடுதான் ஒவ்வொரு கூட்டமும் தொடங்க வேண்டும். பதில் இல்லாத கூட்டத்துக்கும் எங்கள் உறுப்பினர்கள் வருவார்கள், பேசுவார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட மாட்டார்கள்.