பிடித்திருந்தது, சரி, பிறகு?

‘எனக்குப் பிடித்திருந்தது’ என்று ஒருவர் சொன்னதும் ஒரு புத்தகத்தைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ‘அதெல்லாம் இலக்கியமே இல்லை’ என்று இன்னொருவர் சொன்னாலும் முடிந்துவிடுகிறது. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கம் மொட்டைமாடிகளிலும் விடுமுறைநாள் வகுப்பறைகளிலும் கூடும் சிறு வாசகர் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். இவ்விரு வாக்கியங்களையும் எதிரெதிர்க் கட்சிகளாகவே அங்கு பாவிக்கிறார்கள். காரணம் சொல்லும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்ள இரண்டுமே உதவுகின்றன என்பதுதான் என் குற்றச்சாட்டு.

அப்படியொரு கூட்டத்தில், சமீபத்தில் வாசித்த நூல் எது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் ரமணிசந்திரன் நாவல் ஒன்றின் பெயரைச் சொன்னார். யாரும் எதுவும் சொல்லவில்லை. இருவர் புன்னகைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்த மாதம் அதே பெண்மணி அசோகமித்திரன் பெயரைச் சொன்னார். ‘ரொம்ப நுட்பமாக எழுதியிருக்கிறார்’ என்றார். எந்த இடத்தில் நுட்பம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரால் சொல்ல முடிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். தலையசைத்த மற்றவர்களால் முடிந்திருக்குமா என்பது அதைவிடப் பெரிய சந்தேகம். ரமணிசந்திரனைப் பற்றி அவரிடம் சொல்வதற்கு ஏதோ இருந்தது. அதைக் கேட்காமல் விட்டோம். பதிலுக்குப் பொய்யான ஒரு பாராட்டைப் பெற்றுக்கொண்டோம். தீவிர இலக்கியத்துக்கு இதில் என்ன லாபம்?

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு பெரிய வாசகரை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். மறைமலையடிகள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியர். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937இல்தான். ஆசிரியர் அதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பக்கம் வந்துவிட்டார். பல்லாவரத்தில் குடியேறி, 1950இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். 2021 முதல் அந்தப் பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி.

1903இல் வெளிவந்த அவருடைய ‘முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை’யை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப்பாட்டிலேயே சிறியது முல்லைப்பாட்டு, 103 அடிகள். அதற்கு நச்சினார்க்கினியர் உரை உண்டு. தொலைவில் கிடக்கும் அடிகளைப் பிரித்தெடுத்து, ‘மாட்டு’ என்ற பெயரில் தமக்கு வேண்டியவாறு இணைத்துப் பொருள் சொல்லிக்கொண்டு போகும் உரை அது. நூற்றாண்டுகளாக அதை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். இருபதுகளில் இருந்த ஒரு கல்லூரி ஆசிரியர், புலவன் வைத்த வரிசையை உரைகாரன் ஏன் கலைக்க வேண்டும் என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. பாட்டை அது நிற்கும் வரிசையிலேயே படித்து, பொருள் ஓடுகிறது என்று காட்டினார். ‘நச்சினார்க்கினியரை எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதும் ஓர் அபிப்பிராயம்தான். அடிகள் அதை மட்டும் சொல்லியிருந்தால் இன்று யாருக்கு நினைவிருக்கும்?

இதே மனிதர் 1911இல் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்றொரு நாவலும் வெளியிட்டார். அது ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸின் ‘லைலா’வைத் தழுவியது. ரெயினால்ட்ஸ் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மலிவுப் பதிப்புகளாக, வாரத் தவணைகளில் விற்றுத் தீர்ந்த எழுத்தாளர். கொலை, மர்மம், மாறுவேடம், கடத்தல் எல்லாம் அவர் சரக்கு. ஆரணி குப்புசாமி முதலியார் வரிசையாகத் தமிழ்ப்படுத்தியதும் இவரைத்தான். ஆக, தனித்தமிழின் தந்தை என்று நாம் மேடைகளில் வணங்கும் சைவப் பெரியவர், அந்நாளைய ‘பாக்கெட் நாவல்’ எழுத்தாளர் ஒருவரை விரும்பிப் படித்திருக்கிறார். தழுவும் அளவுக்கு விரும்பியிருக்கிறார். பிறகு ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்று கடித வடிவில் ஒரு நாவல், காளிதாசனின் சாகுந்தலத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பு, மனவசியம் பற்றி ஒரு நூல், நூறாண்டு வாழ்வது எப்படி என்று ஒரு நூல், மாணிக்கவாசகர் காலம் பற்றிப் பெரிய ஆராய்ச்சி. வாசிப்பில் அவருக்குத் தீண்டாமை இருக்கவில்லை. அவர் பெயரால் நடக்கும் கூட்டங்களில் இந்த நாவல்களைப் பற்றிப் பேச்செடுப்பவர் அரிது. நமக்குத்தான் கூச்சம்.

இந்தக் கூச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. க.நா.சு. பட்டியல் போட்டார். எது தேறும், எது தேறாது என்று தம் ரசனையின் பலத்தில் அறிவித்தார். கல்கியை ஒதுக்கினார். காரணங்களை விரிவாகச் சொல்வதில் அவருக்கு ஆர்வம் இருந்ததில்லை. சி.சு. செல்லப்பா இதை ஏற்கவில்லை. பிரதியை வரிவரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும், அதுவே விமர்சனம் என்றார். 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ அந்தப் பிடிவாதத்தின் குழந்தை. வேறொரு திசையிலிருந்து கைலாசபதி, க.நா.சு. குழுவை எதிர்த்துத் தனி நூலே எழுதினார். பட்டியலைப் பொறுத்தவரை க.நா.சு. பெரும்பாலும் சரி என்பதே என் கட்சி. ஆனால் நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அவருடைய ஓயாத வாசிப்பை அல்ல, தீர்ப்பு வழங்கும் தோரணையை மட்டும்தான். அவர் படித்துவிட்டு ஒதுக்கினார். நாம் படிக்காமலேயே ஒதுக்குகிறோம்.

வேடிக்கையைப் பாருங்கள். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன் போன்றோரின் கதைகளை பிரீதம் சக்ரவர்த்தி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தொகுப்பாக வெளியிட்டது. அதன்பிறகு, ரயிலடிக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய அதே கதைகளைப் பற்றி ‘வெகுஜனப் பண்பாடு’, ‘ஆய்வுக்குரிய வெளி’ என்றெல்லாம் பேசுகிறவர்களைப் பார்த்தேன். தமிழில் பத்து ரூபாய்க்குக் கிடைத்தபோது தொடாதவர்கள்.

எதிர்த் தரப்பையும் நான் விடுவதாக இல்லை. ‘ரசனை அவரவர் சொந்த விஷயம், கேள்வி கேட்காதே’ என்பவர்கள் வணிக எழுத்துக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதை அவமதிக்கிறார்கள். குரோம்பேட்டையில் முன்பிருந்த ஒரு வாடகை நூல்நிலையத்தில், நாவல்களின் கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் பென்சிலால் எழுதி வைப்பார்கள். ‘சுமார்’, ‘படு மோசம்’ போன்றவற்றுக்கு நடுவே, ‘பாதியிலேயே கொலையாளி தெரிந்துவிட்டது, வேலைக்காரனை இத்தனை தடவை காட்டியிருக்க வேண்டாம்’ என்ற வகையிலும் ஒன்றிரண்டு இருக்கும். பெயர் போடாத அந்த வாசகர் எழுதியது விமர்சனம். துப்பறியும் கதைக்கென்று ஒரு நியாயம் உண்டு: தடயம் வாசகன் கண்ணெதிரே கிடக்க வேண்டும், ஆனால் அவன் அதைத் தாண்டிப் போய்விட வேண்டும். இந்த நியாயப்படி ஒரு கதையை நிறுத்துப் பார்ப்பவர் அதை மதிக்கிறார். ‘டைம்பாஸ்தானே சார்’ என்று எல்லாவற்றையும் மன்னிப்பவர் மதிக்கவில்லை.

சமையல் புத்தகத்துக்குக்கூட இது பொருந்தும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. தலைப்பிலேயே விமர்சன முறையைச் சொல்லிவிட்ட நூல் தமிழில் வேறு உண்டா தெரியவில்லை. உப்பு சரியாக இருந்ததா, சொன்ன அளவில் சொன்ன பதம் வந்ததா என்று அந்நூலைப் பற்றி என் பாட்டி பேசியதில் இருந்த திட்டம், இன்று கவிதைத் தொகுப்புகளுக்கு எழுதப்படும் பல மதிப்புரைகளில் இல்லை. ‘மனதை வருடும் வரிகள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எந்த வரி, எதனால், எப்படி வருடியது?

ஒரே அளவுகோலால் எல்லாவற்றையும் அள என்று நான் சொல்லவில்லை. ராஜேஷ்குமாரிடம் அசோகமித்திரனின் மௌனத்தைத் தேடுவது மடத்தனம். அந்தந்த நூல் தனக்கென ஏற்றுக்கொண்ட வேலையை எங்கே செய்தது, எங்கே செய்யவில்லை என்று ஓர் இடத்தையாவது சுட்டிக் காட்டுங்கள். அதன்பிறகு அந்த வேலையே அற்பமானது என்று நீங்கள் வாதிடலாம். நானே சில நூல்களைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறேன். சுட்டிய பின் வரும் ஏளனத்துக்குப் பதில் சொல்ல முடியும். வெறும் புன்னகைக்கு முடியாது.

அடுத்த கூட்டத்துக்குக் ‘குமுதவல்லி’யை முன்மொழிந்திருக்கிறேன். என் அபிப்பிராயம்: கதை குதிரையில் போகிறது, உரைநடை பல்லக்கில் போகிறது. ஆபத்து வந்து நிற்கும் இடங்களில்கூட வாக்கியம் தன் அலங்காரத்தைச் சரிசெய்துகொண்டுதான் எழுகிறது. ரெயினால்ட்ஸின் பலமே அவசரம் என்பதை அடிகளின் தமிழ் பொருட்படுத்தவில்லை. மறுப்பவர்கள் பக்க எண்ணோடு வரலாம்.