காலி ரூமுக்கு ஏசி, எண்ணூருக்குச் சாம்பல்

ஆளில்லாத கடையில் டீ ஆற்றினால் ஊரே சிரிக்கிறது. ஆளில்லாத மீட்டிங் ரூமில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஏசி ஓடினால் மட்டும் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. கேட்டால் "சென்ட்ரல் ஏசி சார், அப்படித்தான்" என்பார்கள்.

அப்படியெல்லாம் இல்லை மக்களே. ரூமில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து, இல்லாவிட்டால் தானே குளிரைக் குறைத்துக்கொள்ளும் ஏசி வந்து பல வருஷம் ஆகிறது. டைக்கின் ஏசிகள் பலவற்றில் 'இன்டெலிஜென்ட் ஐ' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. 20 நிமிடம் அசைவே இல்லை என்றால், செட் பண்ணியதிலிருந்து 2 டிகிரி தளர்த்திக்கொள்ளும். அமெரிக்காவில் 2011-ல் வந்த நெஸ்ட் தெர்மோஸ்டாட்டும் இதே வேலையை வீடு முழுக்கச் செய்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நம் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வந்துகொண்டே இருக்கிறது. சென்சாரின் பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு ஆள் நகர்ந்தால் சென்சாரில் விழும் சூடு மாறும். அந்த மாற்றம்தான் சிக்னல்.

யாரோ கட்டுகிற கரண்ட் பில், திருவொற்றியூர் பி.காம். பையனுக்கு எங்கே வலிக்கிறது என்கிறீர்களா? கணக்குப் போடலாம், அது ஒன்றுதான் எங்களுக்கு வரும் :-)

ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ராத்திரி பத்து மணி நேரம் காலி ரூமில் ஓடினால் 10 யூனிட். அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி, ஆக 7 கிலோ. இந்திய நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஒரு காலி ரூம், ஒரு ராத்திரி, இரண்டு கிலோவுக்கு மேல் சாம்பல். அந்தச் சாம்பலை மீட்டிங் ரூம் மேஜையிலா கொட்டுகிறார்கள்? 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். ஆனால் பக்கத்திலேயே அத்திப்பட்டில் வட சென்னை நிலையம், முதல் இரண்டு நிலைகள் சேர்த்து 1,830 மெகாவாட். வல்லூர் 1,500. போதாதென்று 2024 மார்ச்சில் இன்னொரு 800 மெகாவாட் யூனிட். சாம்பல் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்த கதை காட்டுக்குப்பம் மீனவர்களுக்குத் தெரியும். இறால் தடவிப் பிடித்த இடத்தில் கைக்குச் சாம்பல்தான் வருகிறது. எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்குப் 'புறச்செலவு' என்று பெயர். அனுபவிப்பவன் ஒருவன், கட்டுபவன் இன்னொருவன்.

"கரண்ட் ஒரே பானை தம்பி, காற்றாலை, சோலார், கூடங்குளம் எல்லாம் அதில்தான் விழுகிறது, ஓஎம்ஆர் ஏசிக்கு எண்ணூர் கரண்ட் என்று எப்படிச் சொல்வாய்?" சொல்லவில்லை அண்ணே. ஆனால் சூரியன் இறங்கியதும் சோலார் படுத்துவிடும். அந்த நேரத்தில் பானையை நிரப்புவதில் பெரிய பங்கு நிலக்கரிக்குத்தான். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2-ல் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரிக் கோடையில் வெட்டியாக ஓடும் ஒவ்வொரு ஏசியும் "இன்னொரு யூனிட் கட்டணும்" என்று சொல்பவர்களுக்குச் சாட்சி.

சரி, சென்சார் இருந்தும் ஏன் மாட்டுவதில்லை? வாடகைக் கட்டடங்கள் பலவற்றில் ஏசி செலவு சதுர அடிக் கணக்கில் மெயின்டனன்ஸோடு போய்விடுகிறது. வாடகைக்காரர் மிச்சம் பிடித்தாலும் அவருக்குப் பைசா குறையாது. கட்டட ஓனருக்கோ பில் தன் பாக்கெட்டிலிருந்து போவதில்லை. யாருக்கும் லாபம் இல்லாத நல்ல காரியத்தை யார் செய்வார்?

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஸ்டார் லேபிள் ஏசி எல்லாம் 2020-லிருந்து 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் 20-க்குக் கீழே போக விடாமல் பூட்டப்போவதாகவும் பேசினார். நல்லது. ஆனால் இதெல்லாம் ரிமோட்டில் தெரியும் எண்ணைப் பற்றியது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று இந்த விதிகள் கேட்பதில்லை. காலி ஹாலை 24 டிகிரியில் விடிய விடியக் குளிர வைத்தால் அது விதிப்படி சரியான ஏசி!

மட்டமான சென்சாரை மாட்டிக் கெட்ட பேர் வாங்கித் தருகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அசையாமல் உட்கார்ந்திருப்பவர் இந்த சென்சாருக்கு இல்லாதவர். எனக்குத் தெரிந்த ஒரு ரீடிங் ரூமில் ஆளுக்கு ஆள் புத்தகத்தில் மூழ்கியிருக்க ஏசி நின்றுவிடும். யாராவது எழுந்து கையை ஆட்ட வேண்டும். ஒரு மாதத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நேராக ஒயர் கொடுத்துவிட்டார்கள். சென்னை மே மாதத்தில் இன்னொரு வம்பு: பூட்டியிருந்த ரூமே 35 டிகிரி, நம் தோலும் கிட்டத்தட்ட அதே சூடு. சுவருக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாமல் சென்சார் திணறும். மூச்சு விடும் அசைவைக்கூடப் பிடிக்கிற ரேடார் சென்சார் இப்போது கிடைக்கிறது. வகுப்பறைக்கு, ஆள் மூச்சில் ஏறும் கரியமில வாயுவை அளந்தாலே போதும். ஆள் இல்லை என்றதும் படக்கென்று கட் பண்ணவும் கூடாது. நம்மூர் ஈரத்துக்குச் சுவர் பூஞ்சை பிடிக்கும். நாலு டிகிரி ஏற்றிவிட்டு, ஈரத்தை மட்டும் கவனித்தால் போதும்.

வீட்டு ஏசியில் இதைக் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. பில் பார்த்துப் பயந்து அம்மாவே ஆஃப் பண்ணிவிடுவார்கள், அதைவிட நல்ல சென்சார் எந்தக் கம்பெனியிடமும் இல்லை. நான் கேட்பது ஐடி பார்க், மால், அரசு அலுவலகம், கல்லூரி ஆடிட்டோரியம். கட்டட அனுமதியிலேயே சேர்க்கட்டும், பழைய கட்டடத்துக்கு இரண்டு வருஷம் டைம் கொடுக்கட்டும். செலவு அதிகம் என்று புலம்பும் ஓனர்களுக்கு, அத்திப்பட்டு வழியாகப் போகிற கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஒரு டிக்கெட் நானே எடுத்துத் தருகிறேன்.