ஊருக்குப் பெயர் உண்டு

அகோதா கிறிஸ்டோஃப் 1986இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட முதல் நாவலின் தலைப்புக்குப் ‘பெரிய நோட்டுப் புத்தகம்’ என்று பொருள். அதில் வரும் ‘சிறிய நகர’த்துக்குப் பெயரில்லை. ஆகவே, எந்த ஊராகவும் இருக்கக்கூடிய ஊர், எந்தப் போராகவும் இருக்கக்கூடிய போர் என்று விமர்சகர்கள் பலர் எழுதி முடித்துவிடுகிறார்கள். நாமும் முதலில் அப்படித்தான் வாசித்தோம். அவ்வாசிப்பு பிழையானது என்று இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஊர் ஹங்கேரியின் மேற்கெல்லையிலுள்ள கோசெக். இன்றும் சுமார் 12 ஆயிரம் பேரே வாழும் ஊர். 1532இல் ஆயிரத்துக்கும் குறைவானோர் நிக்கோலா யூரிஷிச்சின் தலைமையில் சுல்தான் சுலைமானின் பெரும்படையை அங்கே வாரக்கணக்கில் தடுத்து நிறுத்தினர். அந்நினைவாக இன்றும் காலை 11 மணிக்கு அங்கு மணி ஒலிக்கிறது.

ஆனால் 1944இல், ஒன்பது வயதில், கிறிஸ்டோஃப் குடிவந்த கோசெக் வேறு. அவ்வாண்டு அவ்வூர் யூதர்கள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் எல்லை அரண் கட்டும் கட்டாய வேலைக்காக ஆயிரக்கணக்கான யூத ஆண்கள் கொண்டுவரப்பட்டனர்; பசியும் டைஃபஸ் காய்ச்சலும் பலரைக் கொன்றன. நாவலில் தெருவழியே ஓட்டிச்செல்லப்படும் மனிதக் கூட்டம் உருவகமா? 1946இல் ஜெர்மன் மொழி பேசியோர் பெருமளவில் வெளியேற்றப்பட்டனர். 1859இல் எழுந்த யூத வழிபாட்டுக்கூடம் பல பத்தாண்டுகள் சிதிலமாய்க் கிடந்து, அண்மையில்தான் புதுப்பிக்கப்பட்டது.

‘பெயரை நீக்கியவர் ஆசிரியர்தானே?’ என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அவர் 1956இல் கைக்குழந்தையுடன் நடந்தே எல்லை கடந்தவர். சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிற்சாலையில் உழைத்தபடி பிரெஞ்சைக் கற்றவர். தாய்மொழியைக் கொல்லும் பகைமொழி என்று அதையே குறிப்பிட்டவர். ஊரையும் மொழியையும் இழந்தவர் பெயர் சொல்லாதிருப்பது ஒன்று. எதையும் இழக்காத நாம் பெயரை அறிய மறுப்பது வேறொன்று. முன்னது துயரம், பின்னது சோம்பல்.

நாவலின் இரட்டையர் தமக்கொரு விதி வகுத்திருக்கிறார்கள்: கண்டதை, கேட்டதை, செய்ததை மட்டுமே எழுதலாம், உணர்ச்சியைக் குறிக்கும் மங்கலான சொற்கள் கூடாது. தேறாத கட்டுரை நெருப்புக்குப் போகும். ‘மானுடத்தின் பொதுத்துயர்’ என்னும் நம் விமர்சனத் தொடரை அவர்களிடம் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

2011இல் மறைந்த கிறிஸ்டோஃபின் அஸ்தி கோசெக்கில்தான் அடக்கம் செய்யப்பட்டது. எந்த ஊராகவும் இருக்கக்கூடிய ஊருக்கு யாரும் அப்படித் திரும்பிச் செல்வதில்லை.