சூரியக் கடிகாரம் செய்தவர் தெரியும், கொழுந்து பறித்தவர்?

போடிமெட்டு வழியாக மூணாறு போகிறவர்கள் பலரும் நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். விடியற்காலையில் ஏலத்தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகும் அதே பாதை. கல்லூரி மாணவர்கள் சிலரோடு நாங்களும் போனோம். ஏலக்காய் எடுப்புக்குப் போகும் ஓர் அக்காவும் உடன் வந்தார்.

2005இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. 1905ஆம் ஆண்டின் தேயிலை ரோலர் இருக்கிறது. 1924 வெள்ளம் அடித்துப்போன குண்டளை ரயிலின் சக்கரம் இருக்கிறது. 1913ஆம் ஆண்டின் சூரியக் கடிகாரம் நம் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்ததாம். செய்த இடத்தைக்கூட மறக்காமல் சொல்கிறார்கள்.

அந்த ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்த தேயிலை, ரோப்வேயில் கொரங்கணிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. தேயிலை இறங்கிய மலையில்தான் நம் மக்கள் ஏறினார்கள். கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கமிருந்து கூட்டிவந்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள். ரோலரையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "மிசினுக்கு வருசம் எழுதி வச்சிருக்காங்க. இதுக்குக் கொழுந்து கொண்டாந்து போட்டவுக பேரு எங்க?"

கம்பெனி கட்டிய அருங்காட்சியகம் கம்பெனியின் கதையைச் சொல்கிறது. அதில் நமக்கு ஆச்சரியமில்லை, பெரிய கோபமும் இல்லை. ஆனால் 2015இல் இருபது சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, மூணாறு சாலையில் உட்கார்ந்த பெம்பிளை ஒருமைப் பெண்களை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது? 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்கள் மண்ணோடு போனபோது மாண்ட எழுபது பேரை?

இலங்கையில் செய்து காட்டியிருக்கிறார்கள். கம்பளை அருகே ஓல்ட் பீகாக் தோட்டத்தில் 2007 முதல் மலையகத் தொழிலாளர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அது இருப்பது துரை பங்களாவில் அல்ல, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில். நம் ஊரில் பாரம்பரியக் கட்டடம் என்றால் ஜமீன் அரண்மனைதான் நினைவுக்கு வருகிறது. லயமும் பாரம்பரியக் கட்டடம்தான் என்று சொல்ல நமக்கே நா எழுவதில்லை.

தோழர்களே, கட்டடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பாட்டி வீட்டுப் பரணில் கவ்வாத்துக் கத்தி, கொங்காணிக் கம்பளி, பழைய சம்பளச் சீட்டு ஏதாவது கிடக்கும். பழைய இரும்புக்காரரிடம் போவதற்குள் எடுத்து வையுங்கள். யாருடையது, எந்த எஸ்டேட், எந்த ஊரிலிருந்து போனவர் என்று ஒரு தாளில் எழுதிக் கட்டுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு பீரோவைக் காலி செய்திருக்கிறோம். அக்கா தன் அம்மாவின் கத்தியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பெயரைப் பெரிதாக எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு.